வயரில்லாத போன்

7 ஜூன் 1996, வெள்ளி

இன்றும் போன் காலை வாரிவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்துதான் அவர் சவூதி தம்மாமிலிருந்து பேசுவார். எங்கள் மகள் பல்கீஸ் கல்யாணத்துக்கு மண்டபம் பேசியாகிவிட்டதா என்று கேட்க வாயெடுத்தார். கொரகொரவென்று ஒரு இரைச்சல், பிறகு தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி, பிறகு ஒன்றுமில்லை. நான் 'ஹலோ ஹலோ' என்று கத்தியது ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். பல்கீஸ் சிரிக்கிறாள். கல்யாணப் பெண், அவளுக்கு எல்லாமே சிரிப்பு.

பங்குனியில் அண்ணன் பீர் மைதீன் துபாயிலிருந்து வந்தபோது கொண்டுவந்த வயரில்லாத போன் இது. எனக்கொன்று, எதிர்வீட்டில் இருக்கும் என் தங்கை அப்ரோசுக்கு ஒன்று. ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, ஒரே அளவு. சின்ன வயதில் பெருநாள் துணிகூட எங்கள் இருவருக்கும் ஒரே துணியில்தான் எடுப்பார்கள். வேறு வேறாக எடுத்தால் ஒருத்தி தலைமயிர் இன்னொருத்தி கையில் இருக்கும். அண்ணன் அதை இன்னும் மறக்கவில்லை. எனக்கு நாற்பத்தாறு, அவளுக்கு நாற்பத்திரண்டு. இன்னும் பயம் அவருக்கு.

பெட்டி ஹாலில் இருக்கும். போனைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படி, மாடி எங்கே வேண்டுமானாலும் போகலாம். போகலாம், பேசத்தான் முடியாது.

11 ஜூன்

மணி அடிக்கிறது, எடுத்தால் ஆளில்லை. காலையில் ஒரு தடவை, லுஹர் தொழுகைக்கு முன் ஒரு தடவை. சாயங்காலம் எடுத்தபோது யாரோ மூச்சு விடுவது கேட்டது. நன்றாகக் கேட்டது. "யாருலே அது?" என்று அதட்டினேன். மூச்சு நின்றது, வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

கல்யாணம் நிச்சயமான வீடு. எவனாவது என் மகள் பேரைக் கெடுக்கப் பார்க்கிறானா? பல்கீசிடம் சொல்லவில்லை. போனை இனி நான்தான் எடுக்கவேண்டும்.

14 ஜூன், வெள்ளி

அவர் "சம்சாத்" என்று என் பேரைச் சொன்னார். அவ்வளவுதான் கேட்டது.

19 ஜூன்

எக்ஸ்சேஞ்சிலிருந்து லைன்மேன் சங்கையா வந்தார். கம்பத்தில் ஏறினார், இறங்கினார், காபி குடித்தார். "லைன் சுத்தமா இருக்குக்கா. கோளாறு ஒங்க துபாய் பெட்டியிலதான். எக்ஸ்சேஞ்சில குடுத்த பழைய போனை மாட்டுங்க. பொறவு இரைச்சல் வந்தா என்னைக் கேளுங்க" என்றார்.

பழைய போனை மாட்டுவதாம்! எதிரில் அவள் கையில் போனை வைத்துக்கொண்டு வாசலில் உலாத்துவாள், நான் மட்டும் சுவரோரம் கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்று பேசவேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

போகும்போது, "எதுத்தாப்ல ஒங்க தங்கச்சி வீட்டுலயும் இதே கம்ப்ளெயிண்ட்தான்" என்றார். மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. எழுதிவைப்பதற்கென்ன, இருந்தது.

28 ஜூன், வெள்ளி

இது என்ன வேலை என்று தெரியவில்லை.

மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அய்யனார் கோவில் பக்கம் மழை போல. துணி எடுக்க மாடிக்குப் போனேன், அவர் பேசுகிற நேரம் என்பதால் போனும் கையில். மணி அடித்தது. பட்டனை அழுத்திக் காதில் வைத்தேன். "சொல்லுடி ஜரீனா" என்று அப்ரோசின் குரல். என் காதுக்குள்.

நிமிர்ந்தேன். எதிர் மாடியில் அவளும் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், முதுகு பாதி என் பக்கம், காதில் அவள் போன். அவள் வாய் அங்கே அசைகிறது, பேச்சு இங்கே கேட்கிறது. ஜரீனா அவளோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் படித்தவள், இப்போது அங்கேயே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஏதோ சேலையைப் பற்றிப் பேசினார்கள். நான் வைத்திருக்கவேண்டும். வைக்கவில்லை. கொடிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன்.

ஒரே கம்பெனி, ஒரே பெட்டி. அவள் பேச்சு இதில் வந்து விழுகிறது. இரைச்சல், ஆளில்லாத மணி எல்லாம் இதுதான்.

அப்படியானால் என் பேச்சு? அவரிடம் நான் பேசியது? அவளைப் பற்றி என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன்— கஞ்சம், கொழுப்பெடுத்தவள், பல்கீஸ் நிச்சயதார்த்தத்தன்று பாதியில் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள், "என் வீட்டு விசேஷம்னாலே இவளுக்கு ஒரு நோவு வந்துரும்" — அந்த மூச்சு. யாருடைய மூச்சு அது?

நாளைக்கு அவளிடம் சொல்லிவிடுகிறேன். ஒரு வார்த்தை. பெட்டியை மாற்றிக்கொள்ளலாம்.

29 ஜூன்

சொல்லவில்லை.

5 ஜூலை

இப்போதெல்லாம் அவள் போன் மணி எதுவென்று எனக்குத் தெரிகிறது. எனக்கு வரும் மணி முழுசாக அடிக்கும், அவளுக்கு வருவது இங்கே தேய்ந்து கேட்கும். தேய்ந்த மணி கேட்டால் கை தானாகப் போகிறது. என்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறாள். கொல்லத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவள் புருஷன் மைதீன் பிச்சையிடமும் சரி, ஜரீனாவிடமும் சரி, "அக்கா பாவம், தனியா கெடந்து அல்லாடுது" என்கிறாள். எரிச்சலாக வருகிறது. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

12 ஜூலை

கேட்டிருக்கக் கூடாது. யா அல்லாஹ், நான் ஏன் கேட்டேன்.

ஜரீனா, "வலி இருக்கா?" என்று கேட்டாள்.

"வலியே இல்லடி. அதான் பயமா இருக்கு."

"வலியில்லாத கட்டியைத்தான் ஒடனே பாக்கணும். நாளைக்கே பஸ் ஏறி வா. டாக்டரம்மாட்ட காட்டிட்டு மதுரைக்குப் போவோம்."

"அக்கா வீட்டுக் கல்யாணம் முடியட்டும்."

"ஏட்டி, கல்யாணம் செப்டம்பர்லல்ல. அம்புட்டு நாள் போடலாமா? ஒங்க அக்காட்டயாவது சொல்லு."

"வேண்டாம். 'என் வீட்டு விசேஷம்னாலே இவளுக்கு ஒரு நோவு வந்துரும்'பா. யாருட்டயும் சொல்லாத, எம்மேல சத்தியம்."

அந்த வார்த்தையை நான் அவள் முகத்துக்கு நேரே சொன்னதே இல்லை. அவரிடம் மட்டும்தான் சொன்னேன். போனில்.

13 ஜூலை

கறிக்குழம்பை ஒரு சட்டியில் ஊற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது? உனக்குக் கட்டி என்று எனக்கு எப்படித் தெரியும் என்பாளே. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லவேண்டும். சொன்னால், நீ பேசியதும் எனக்குக் கேட்டது என்று அவள் ஆரம்பிப்பாள். அந்த முகத்தை நான் எந்த முகத்தோடு பார்ப்பது?

"ஒடம்பு நல்லாருக்கா?" என்றேன்.

"இருக்குக்கா."

"எளைச்ச மாதிரி இருக்க."

"வேற எதுவும் கேக்கணுமாக்கா?" என்றாள்.

"சட்டியைக் கழுவித் தா" என்றேன். கழுவித் தந்தாள்.

24 ஜூலை

நெல்லிக்காய் அளவு இருந்தது இப்போது எலுமிச்சை அளவாம். மாரில், இடது பக்கம். ஜரீனாவிடம் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, சத்தமாகச் சொல்கிறாள். ஜரீனா காதில் என்ன கோளாறா? ஏன் அப்படிக் கத்துகிறாள்?

அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டே இருந்தது. சோறு தீய்ந்துபோனது.

2 ஆகஸ்ட்

ஒரு வழி கண்டுபிடித்தேன் என்று நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறேன், துணைக்கு வா என்று அப்ரோசைக் கூட்டிப்போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். "இங்க எதுக்குக்கா?" என்றாள். "ஜரீனாவுக்குப் பத்திரிகை வைக்கவேண்டாமா?" என்றேன்.

ஜரீனா எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள். அக்காவே கூட்டிவந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள். நான் பத்திரிகையை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்ரோஸ் அவள் கையைப் பிடித்தாள். டாக்டரம்மா அறைக் கதவு பக்கத்திலேயே திறந்துதான் கிடந்தது. நாலு பேர்தான் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை, 'இவளைப் பாரு ஜரீனா' என்று ஒரு வார்த்தை போதும்.

"வெயிலுக்கு முந்தி போவோம்" என்றேன். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். வாங்கின பால்கோவாவை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

9 ஆகஸ்ட், வெள்ளி

"பேசுறியா இல்லையா? யாரோ அழுகிற சத்தம் கேக்குது" என்றார் அவர். நான் அழவில்லை. பட்டனை அணைத்துவிட்டேன்.

18 ஆகஸ்ட்

மைதீன் பிச்சை கொல்லத்திலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு இன்று கிளம்பினார். அவருக்கு எதுவும் தெரியாது. வாசலில் நின்று "வாரேன் மதினி" என்றார். தொண்டைவரை வந்தது. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் மதினி என்று கேட்பாரே.

கல்யாணம் முடியட்டும். மூன்று வாரம்தானே. மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடும்? கட்டி என்றால் எல்லாம் அந்தக் கட்டியா? எத்தனை பேருக்கு வந்து தானாகக் கரைந்திருக்கிறது.

இதை யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

30 ஆகஸ்ட்

அவள் இப்போதெல்லாம் ஜரீனாவோடு பேசி முடித்த பிறகும் போனை வைப்பதில்லை. ஜரீனா வைத்துவிடுவாள். இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அவள் அங்கே, நான் இங்கே. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதலில் யார் வைப்பது என்று தெரியவில்லை. இன்று எனக்கு இருமல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன்.

8 செப்டம்பர், ஞாயிறு

பல்கீஸ் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மண்டபம் நிறைந்து வழிந்தது. அவர் லீவு கிடைத்து வந்ததே பெரிய விஷயம். பிரியாணியைக் குறை சொல்ல சம்பந்தி வீட்டாருக்கே மனசு வரவில்லை.

அப்ரோஸ் பந்தி முழுக்க வலது கையால்தான் பரிமாறினாள். இடது கையைத் தூக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அவளுக்குப் பிள்ளை இல்லை, பல்கீசைத் தூக்கி வளர்த்தவள். அனுப்பும் நேரம் பல்கீசைக் கட்டிக்கொள்ளப் போனவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அணைத்துக்கொண்டாள்.

10 செப்டம்பர்

போனேன். இன்றைக்குப் போனேன்.

வாசல் திறந்துதான் இருந்தது. உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். "அப்ரோஸ், நீ ஜரீனாட்ட பேசுறது என் போன்ல கேக்கும். எல்லாம் கேட்டேன்."

திடுக்கிடுவாள், திட்டுவாள் என்று பயந்துதான் இத்தனை நாள் இருந்தேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தெரியும்க்கா. ஒன் வீட்டுக் குக்கர் விசில் இங்க கேக்கும். நீ மூச்சு விடுறது கேக்கும். மொத நாள் 'யாருலே'ன்னு அதட்டினியே, அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா பேசின?"

"ஒன் மொகத்தைப் பாத்துச் சொல்ல வாய் வரல. நீ கேக்கட்டும்னுதான் பேசினேன். கேக்கலையோன்னு சத்தமாச் சொன்னேன். 'கல்யாணம் முடியட்டும்'னு சொன்னா நீ ஓடியாந்து, 'கல்யாணம் கெடக்கு கழுதை, கெளம்புடி மதுரைக்கு'ம்பன்னு நெனச்சேன். போனை வச்சிட்டு ஒவ்வொரு தடவையும் வாசலைப் பாத்துக்கிட்டு நிப்பேன்க்கா. நீ வருவ வருவன்னு."

சட்டியத் தூக்கிக்கிட்டுப் போனேனே. 'வேற எதுவும் கேக்கணுமாக்கா'ன்னாளே. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டுத் திரும்பக் கூட்டியாந்தேனே. ரெண்டு வாசலுக்கும் நடுவுல ஒரு மாட்டுவண்டி போற எடம்தான இருக்கு. அதைத் தாண்ட எனக்கு ரெண்டு மாசம். என்ன பொம்பளை நான். என்ன அக்கா நான்.

14 செப்டம்பர், மதுரை

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். மைதீன் பிச்சை அப்ரோசைப் பார்த்தார். ஜரீனா தரையைப் பார்த்தாள். நான் சொல்ல எழுந்தேன், அப்ரோஸ் என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். "எனக்குத்தான் தெரியல, டாக்டர்" என்றாள்.

2 நவம்பர்

மதுரையில் மருந்து ஏற்றியதில் அவள் தலைமுடி முழுக்கக் கொட்டிவிட்டது. முக்காட்டை நான்தான் கட்டிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் அங்கே போய்விடுகிறேன், இருட்டியதும்தான் வருகிறேன். போனில் கேட்டதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. தீப் பிடித்த மாதிரி உடம்பு சுடுகிறது அவளுக்கு.

21 மார்ச் 1997, வெள்ளி

ரமலானின் கடைசி நோன்புகளில் அப்ரோஸ் மவுத்தான பிறகு இதில் எதுவும் எழுதவில்லை. போன வாரம் நாற்பதாம் நாள் ஓதி முடிந்தது. நேற்று மைதீன் பிச்சை வீட்டைப் பூட்டி, கரண்டை அணைத்து, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லத்துக்குப் போய்விட்டார்.

ஜும்மா முடிந்து அவர் தம்மாமிலிருந்து பேசினார். சலாம் சொன்னதிலிருந்து கடைசி வரை ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை. அடுத்த அறையில் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"இப்பத்தான் தெளிவா கேக்குது. போனைச் சரிபண்ணிட்டியா?" என்றார்.

ஆமா என்றேன்.