நடுப் பல்லின் வேர்

செவ்வாய், இரவு.

எரிச்சலில் தூக்கம் வரவில்லை. ஆயர் ஈத்தாமிலிருந்து வரும் சரோஜா அக்காவுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் எங்கள் கிளினிக்கில் பிரிட்ஜ் கட்டினோம். இருபக்கப் பற்களையும் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு பொய்ப்பல். கட்டி முடித்தபின் எடுத்த எக்ஸ்ரேயை இன்சூரன்ஸ் கிளைமுக்கு அனுப்பினேன். இன்சூரன்ஸ் அதிகாரி போன் செய்தான்.

"நடுப் பல்லுக்கு வேரே காணோமே சிஸ்டர்?"

பொய்ப்பல்லுக்கு ஏது வேர்? எவ்வளவு விளக்கியும் மண்டையில் ஏறவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்பு எடுத்த எக்ஸ்ரேயையும் அனுப்பித் தொலைத்தேன். மாலையில் மறுபடியும் அவன்தான். திருடனைப் பிடித்துவிட்ட பெருமை குரலில்.

"இதுல பல்லு இருக்கு லா. அப்புறம் எதுக்கு பிரிட்ஜ்?"

சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டிய சரோஜா அக்காவும் கூப்பிட்டார்.

"கிளைம் என்னாச்சும்மா?"

"பாத்துக்கிட்டு இருக்காங்கக்கா" என்றேன். எதைக் கொண்டு பார்க்கிறான் என்றுதான் தெரியவில்லை.