சாப்பிடாத நாளில் வரும் அழைப்பு

குவைத்
12.08.2006

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் நெஞ்சுச்சளி குறைந்ததா? கடல் கொண்டுபோன வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்றா? நான் நல்ல சுகம்.

பிள்ளைக்குச் சுகமில்லை என்று நீங்கள் அறிவித்தால் மட்டுமே இந்த வீட்டு மேடம் எனக்குப் போன் தருவார். எங்கள் மகள் விதுர்ஷா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். நேற்றுப் பேசும்போது, "நான் சாப்பிடாட்டித்தானே அம்மா நீங்க கதைக்கிறீங்க?" என்று கேட்டாள். ஆறு வயதில் என்ன கெட்டித்தனம்! சிரித்துவிட்டேன்.

இனி அவள் சாப்பிடாவிட்டாலும் எனக்கு அறிவிக்காதீர்கள். பட்டினி கிடந்தும் நான் பேசவில்லை என்றால், தானாகச் சாப்பிடப் பழகிவிடுவாள். எனக்கு அவள் குரலை ஒரு கசெட்டில் பதிந்து அனுப்பினால் போதும்.

மேடம் கூப்பிடுகிறார். நிறுத்துகிறேன்.

சிவமணி

பி.கு.: இந்தக் கடிதம் கிடைத்தபின் வரும் வெள்ளிக்கிழமையும் அவள் சாப்பிடாவிட்டால், கடைசியாக ஒரேயொரு தடவை அறிவியுங்கள், மச்சான்.