வெளிப்பக்கப் பூட்டு

மட்டாஞ்சேரி
3-2-1986

மகன் நல்லசிவத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்.

போட்டோ வந்தது. சூப்பர்வைசர் ஆனதும் தையல் கம்பெனி வாசலில் நின்று எடுத்தது என்று எழுதியிருந்தாய். சட்டை நன்றாக இருக்கிறது. வயிறு கொஞ்சம் கூடியிருக்கிறது. சந்து முழுக்கப் பார்த்தாயிற்று. எங்கள் சுக்குக் கிடங்குக்கும் போய் வந்தது. எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நான் உன் பின்னால் இருந்த கதவைப் பார்த்தேன்.

ஜன்னலில் பெண்கள் குனிந்து தைப்பது தெரிகிறது. கதவின் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்குகிறது. சாவிக்கொத்து உன் இடுப்பில். ஆள் உள்ளே இருக்கும்போது வெளியே எதற்குப் பூட்டு? இதற்குப் பதில் எழுது. மற்ற விசேஷம் பிறகு.

அம்மா
சீனியம்மாள்


ஷார்ஜா
19-2-1986

அன்புள்ள அம்மாவுக்கு நல்லசிவம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது, வழக்கம்போல் என் அறையில் இருக்கும் பாலக்காட்டு வெங்கிட்டு. என்னை மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடிப்பதால் அவருக்கு இந்தத் தொந்தரவு. உங்கள் கடிதங்களைப் படித்துக் காட்டுபவரும் அவர்தான்.

பூட்டு என் யோசனை இல்லை, மானேஜர் உத்தரவு. சட்டைகள் களவு போகின்றன என்கிறார். பகல் பன்னிரண்டரைக்கும் மாலை ஏழுக்கும் திறக்கிறேன். நடுவில் யாருக்காவது முடியவில்லை என்றால் தட்டினால் போதும். குடோனுக்குப் போகும் நேரம் தவிர நான் பக்கத்திலேயே இருப்பேன். இலங்கை, கேரளம், தமிழ்நாடு என்று நூற்றிருபது பெண்கள். ஒருத்தியும் இதுவரை குறை சொன்னதில்லை. இது உங்கள் சுக்குக் கிடங்கு இல்லை அம்மா, சிமெண்டுக் கட்டடம்.

ஊருக்கு வரும் ஒருவரிடம் சேலை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். விஷுவுக்குக் கட்டிக்கொள்ளுங்கள்.

தங்கள் மகன்
நல்லசிவம்


மட்டாஞ்சேரி
4-3-1986

நல்லசிவம்,

சேலையைக் கொண்டுவந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பக்கத்திலேயே இருப்பேன் என்கிறாய். எங்கள் கிடங்கில் சாவி வைத்திருந்த ஒச்சப்பனும் பக்கத்திலேயே இருப்பவன்தான். சுக்கு களவு போகிறது என்று முதலாளி எங்களை உள்ளே விட்டுப் பூட்டச் சொன்னார். அறுபத்தெட்டில் ஒரு நாள் சாக்குக் கட்டுகளில் தீப்பிடித்தபோது ஒச்சப்பன் சாயா குடிக்கப் படகுத்துறைப் பக்கம் போயிருந்தான். கால் மணி நேரம். பேச்சிச் சித்தி காய்ச்சலில் செத்தாள் என்று உனக்குச் சொன்னோம். எட்டு வயசுப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது? என் தங்கை புகையில் செத்தாள். அவள் விரல் நகங்களில் கதவின் பச்சைப் பெயிண்ட் இருந்தது. நான்தான் கழுவினேன்.

ஒச்சப்பன் கெட்டவன் இல்லை. இன்றைக்கும் என்னைக் கண்டால் தலை குனிந்துகொண்டு போகிறான். அதனால் பேச்சி திரும்பி வந்துவிடவில்லை.

அந்தப் பூட்டை எடுக்கும்வரை நாங்கள் பதினேழு நாள் கிடங்கு வாசலில் உட்கார்ந்தோம். யூனியன்காரர்கள் பதினேழாம் நாள் சாயங்காலம் வந்தார்கள். யூனியன் ஆபீஸில் மாட்டியிருக்கும் படத்தில் அவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். அது கிடக்கட்டும். அந்த வாசலில் உட்கார்ந்தவள் பெற்ற பிள்ளையின் இடுப்பில் சாவியா?

கதவு திறந்தது என்று எழுத முடிந்தால் எழுது. இல்லையென்றால் எழுத வேண்டாம்.

சீனியம்மாள்


ஷார்ஜா
27-3-1986

அம்மாவுக்கு நல்லசிவம் எழுதுவது.

கதவு திறந்துவிட்டது.

வெங்கிட்டு லீவில் ஊருக்குப் போய்விட்டார். உங்கள் கடிதம் வந்தபோது தமிழ் படிக்க ஆளில்லை. சாப்பாட்டு நேரத்தில், மூன்றாம் வரிசையில் காலர் தைக்கும் கோவில்பட்டி மாயம்மாளிடம் கொடுத்தேன். சேலை பிடித்திருக்கிறது என்று எழுதியிருப்பீர்கள் என நினைத்தேன். ஊரில் அவள் தெருவுக்கே கடிதம் படிப்பவளாம். அவளுக்குச் சத்தமாகத்தான் படிக்க வரும். சேலை திரும்பிப் போன வரியில் எல்லோரும் சிரித்தார்கள். சித்தியின் நகம் வந்தபோது தள்ளி உட்கார்ந்திருந்த இலங்கைப் பெண்கள்கூடச் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து நின்றார்கள். அவள் கடைசிவரை படித்து, மடித்து, என்னிடம் நீட்டினாள்.

“சார், ஒங்கம்மாவுக்கு என்னன்னு பதில் எழுதட்டும்?”

மணி அடித்தது. ஒருத்தியும் உள்ளே போகவில்லை. மானேஜர் ஓடி வந்தார். வியாழக்கிழமைக் கப்பலுக்கு நாலாயிரம் சட்டை போக வேண்டும், எல்லாரையும் உள்ளே தள்ளிப் பூட்டு என்றார். நான் பூட்டையும் சாவியையும் அவர் கையில் கொடுத்து, நீங்களே பூட்டுங்கள், நானும் உள்ளே இருக்கிறேன் என்றேன். அடுத்த விமானத்தில் என்னை ஏற்றிவிடுவதாகக் கத்தினார்.

“அப்ப நூத்தியிருவத்தோரு டிக்கெட்டு எடுக்கச் சொல்லுங்க” என்றாள் மாயம்மாள். யாரோ அதை மானேஜருக்கு இந்தியில் சொன்னார்கள்.

ஐந்து மணிவரை ஒருத்தியும் அசையவில்லை என்றதும் அவர் பூட்டைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் தச்சன் வந்து கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தான். துணிக் கட்டுகளை அடுக்கி மறைத்திருந்த பின்கதவையும் திறந்தாயிற்று. சட்டைகள் வியாழனே கப்பலேறின. யாரையும் ஊருக்கு அனுப்பவில்லை. என்னை மட்டும் இஸ்திரி மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

சித்தி விஷயம் முன்பே தெரிந்திருந்தால் சாவியை வாங்கியிருக்க மாட்டேன் என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை.

நல்லசிவம்

அம்மாவுக்கு வணக்கம். இதை எழுதியது மாயம்மாள்தான். கடைசி வரியை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், எழுது என்றார். நேற்றுப் பத்து மணிக்கு ஒரு காரணமும் இல்லாமல் கதவைத் திறந்து வெளியே போய் நின்றேன். வெயில் தாங்கவில்லை. நன்றாக இருந்தது.


மட்டாஞ்சேரி
10-4-1986

என் மகன் நல்லசிவத்துக்கு,

கடிதத்தைக் கிடங்கில் எல்லோருக்கும் படித்தேன். டிக்கெட் இடத்தில் காமாக்ஷி சிரித்துச் சிரித்து முறத்துச் சுக்கைக் கொட்டிவிட்டாள். பிறகு யூனியன் ஆபீஸுக்குப் போய்ச் செயலாளரை உட்காரவைத்துப் படித்தேன். இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தார். விடவில்லை. எழுதினவள் யார் என்று கேட்டார். என் மகன் சொல்லி, எங்கள் மாயம்மாள் எழுதியது என்றேன்.

நீ சாவியை நீட்டிய இடத்தை வீட்டில் தனியாக இன்னொரு முறை படித்தேன். அந்தக் கடைசி வரியையும். அதை எழுதச் சொன்னாயே, போதும்.

இஸ்திரியில் கை சுட்டால் தேங்காய் எண்ணெய் தடவு.

வெங்கிட்டு என்னைப் பார்க்க வந்திருந்தார். நல்ல மனுஷர், ஆனால் வாய் நிற்காது. உங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் மானேஜர் வாங்கித் தன் இரும்பு அலமாரியில் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாயம்மா, இனி வருவதை எல்லோருக்கும் கேட்கும்படி படி. அந்த அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது?

சீனியம்மாள்