மேசைமேல் இருந்த மாக்கல் பூனை

உன் மகள் நேற்று வந்திருந்தாள். சிறுசேரியில் வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறிச் செங்கல்பட்டு வரைக்கும் வந்திருக்கிறாள். கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சுருட்டை எடுத்து என் முன்னால் பிரித்தாள். உள்ளே உன் மாக்கல் பூனை. பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் அதே பூனை. ஒரு காது மூளியானதுகூட அப்படியே இருக்கிறது.

"அப்பா இத சாருக்குக் குடுத்துடுன்னு சொல்லிட்டுப் போனாரு, அங்கிள்," என்றாள்.

சாருக்கு! சாகும்போதும் நீ விட்டுக்கொடுக்கவில்லை, பார்த்தாயா. போன மாதம் நீ இறந்த செய்தி எனக்கு அன்றைக்கே தெரியும். மய்யித்து அடக்கத்துக்கு வர எனக்கு முகம் இல்லை. வராததற்கு முழங்கால் வலி என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

எழுபதுகளில் அந்தக் கடலோரப் பள்ளிக்கு நாம் இருவரும் வாத்தியாராகப் போன புதிதில் நான் உனக்கு மச்சான். நான் படாளத்து விவசாயி மகன். நீ அந்த ஊர்க்காரனேதான், மாமல்லபுரத்துக் கடைத்தெருவில் பிறந்தவன். "இன்னா மச்சான், நாஸ்தா ஆச்சா?" என்பதுதான் உன் காலை வணக்கம். நான்காம் வகுப்பு எனக்கு, ஐந்தாம் வகுப்பு உனக்கு. நடுவில் ஒரு மூங்கில் தட்டி. அதனால் நீ நடத்திய பாடமெல்லாம் என் காதிலும் விழுந்தது. இல்லாவிட்டால் எனக்கு மட்டும் பூனைகளைப் பற்றி என்ன தெரியும்?

மன்னர் வரிசையை நடத்தினால் உன் பிள்ளைகள் வரிசையாகத் தூங்கின. மீன் பிடிக்கிறவர்கள், கல் கொத்துகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஒரு நாள் வகுப்பையே நடத்திக்கொண்டுபோய் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் நிறுத்தினாய். உலகமே அங்கே யானையைப் பார்க்கும். நீ யானைத் தந்தத்துக்குக் கீழே கைகாட்டினாய். "டெய்லி இந்தப் பக்கமா போய்கினு வந்துகினு கீறீங்களே, இந்தப் பூனைய எவனாவது பாத்தீங்களாடா? இதுக்கு ஆயிரத்து முன்னூறு வயசு. உங்க ஊர்ல இத விடப் பெரிய மனுசன் யாரு?"

அதே பூனை மாக்கல்லில் உன் மேசைமேல் ஏறியது. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு பூனைக் கதை வந்தது. எகிப்தில் பூனை செத்தால் வீட்டிலிருப்பவர்கள் துக்கத்துக்குப் புருவத்தை மழித்துக்கொண்டதைச் சொன்னாய். கப்பலில் எலி பிடித்தபடியே கடல் கடலாகச் சுற்றிய பூனைகளைச் சொன்னாய். நபிகள் நாயகத்தின் அங்கிக் கையில் ஒரு பூனை தூங்கிவிட, அதை எழுப்ப மனமில்லாமல் அந்தத் துணியை வெட்டிவிட்டு அவர் எழுந்துபோன கதையைச் சொல்லும்போது உன் குரல் தாழ்ந்துவிடும். அது உன் அம்மா உனக்குச் சொன்னது. "பூனைய காட்டு மச்சான், ராஜா தானா பின்னால வருவான்," என்பாய். வந்தான் என்பதுதான் வேடிக்கை. அந்தப் பிள்ளைகள் பூனையைப் பிடித்துக்கொண்டு நூற்றாண்டைச் சரியாகச் சொல்லின.

மீன்காரம்மா மகள் செல்வியை மறந்திருக்க மாட்டாய். அவள் வளர்த்த பூனை செத்துப்போக, மறுநாள் அப்பாவின் பிளேடால் ஒரு புருவத்தை மழித்துக்கொண்டு வந்து நின்றாள். பின்னாலேயே அவள் அம்மா கூடையோடு வந்துவிட்டாள். "இன்னா சார் படிப்பு இது? பொண்ணு மூஞ்சியப் பாரு! இத யாரு கட்டுவான்?" ஹெட்மாஸ்டர் அன்றைக்கே உன்மேல் கறுவிக்கொண்டார். நீயோ அந்தம்மாவிடம், "மொளச்சிடும் அக்கா, பூனைதான் திரும்பி வராது," என்றாய். அந்தம்மா சிரித்துவிட்டாள். ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை.

அந்தப் புருவம் பாதி முளைத்திருந்தபோது இன்ஸ்பெக்ஷன் வந்தது. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களில் நடந்த தில்லுமுல்லை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிகாரி கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளையும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. வாத்தியார் வலது கைக்காரர்களை மட்டும் எழுப்புவார். அதிகாரி பூரித்துப்போவார். உன் வகுப்புக்கு அதைப் பழக்கச் சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்று தெரிந்து, ஹெட்மாஸ்டர் என்னிடம் சொன்னார். நீ வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் தட்டியைத் தாண்டிப்போய் நான்தான் பழக்கினேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்துவாய். இடது கை என்றால் என்னவென்று உனக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பது என் மரமண்டையில் உறைக்கவே இல்லை.

அதிகாரி வந்தார், ஒரு மன்னனின் பெயரைக் கேட்டார். ஐந்தாம் வகுப்பு மொத்தமும் கை தூக்கியது. உன் முகம் மலர்ந்ததைத் தட்டியோரம் படச்சுருளோடு நின்ற நான் பார்த்தேன். நீ செல்வியை எழுப்பினாய். அவள் தூக்கியிருந்தது இடது கை.

"தெரியாது சார்."

"அப்புறம் எதுக்கும்மா கை தூக்குன?" என்றார் அதிகாரி.

"இடது கை தூக்குனா கேக்க மாட்டாங்கோன்னு சொல்லிக் குடுத்தாங்க சார்."

"யாரு?"

அவள் என்னைத்தான் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் ஹெட்மாஸ்டர், "கிளாஸ் வாத்தியார்தான் சார், வேற யாரு?" என்றார். நீயும் என்னைப் பார்த்தாய். நான் படச்சுருளின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். மறுபடி அவிழ்த்துக் கட்டினேன்.

அதிகாரியின் கண் உன் மேசைமேல் இருந்த பூனையில் விழுந்தது. "இது என்ன விளையாட்டுச் சாமான்?" என்று அதட்டினார். செல்வி, கேட்காமலே, வலது கையைத் தூக்கினாள். "இது பல்லவர் காலத்துப் பூனை சார். சும்மா தவம் பண்ற மாரி நிக்கிது. நல்லதுன்னு நம்பி எலிங்கோ பக்கத்துல வந்து கும்புடுதுங்கோ." அவள் உன்னைக் காப்பாற்றப் பார்த்தாள். அவள் சொன்னது யாரைச் சுட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

பாடத்தை விட்டுப் பூனைக் கதை நடத்துகிறாய், அதிகாரியை ஏமாற்றப் பிள்ளைகளைப் பழக்கினாய் என்று ஹெட்மாஸ்டர் ஒரு தாள் எழுதினார். ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். என்னுடையது கடைசிக் கையெழுத்து, அழகான கையெழுத்து. என் வேலை அப்போது நிரந்தரம் ஆகவில்லை. இதை ஒரு சமாதானமாக எத்தனையோ வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், செல்லுபடியாகவில்லை. மதுராந்தகத்துக்கும் அப்பால், பஸ்ஸே போகாத ஒரு ஓராசிரியர் பள்ளிக்கு உன்னைத் தூக்கியடித்தார்கள். எனக்கு மறுவருடமே, நான் கேட்டிருந்தபடி செங்கல்பட்டுக்கு மாற்றல் வந்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை, செங்கல்பட்டு ஸ்டேஷனில் பார்த்தோம். "எப்படி கீற மச்சான்?" என்றேன், வெட்கம்கெட்டு.

"நல்லா இருக்கேன் சார்."

"பூனையெல்லாம்..?"

"புத்தகத்துல இருக்கிறத மட்டும்தான் நடத்துறேன் சார்."

ஒரு அறை விட்டிருக்கலாம் நீ. அன்றைக்கே வகுப்பில் என்னைக் காட்டி "இவன்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன்மேல் கோபப்பட்டுக்கொண்டு நானும் நிம்மதியாக வாழ்ந்திருப்பேன். உன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு. யாரைக் கேட்டு நீ அப்படி வாயை மூடிக்கொண்டாய்?

உன் மகள் காபி குடித்துக்கொண்டே, "இது இன்னா பூனை அங்கிள்? அப்பா அலமாரிலயே வெச்சிருந்தாரு. எங்களத் தொட விட்டதில்ல, ஒண்ணும் சொன்னதுமில்ல," என்றாள். சொந்தப் பிள்ளைக்குக்கூட நீ சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் சொன்னேன். பாறைப் பூனையில் தொடங்கி, புருவம், கப்பல், அங்கிக் கை என்று உன் வரிசையிலேயே, உன் குரல் தாழும் இடத்தில் என் குரலையும் தாழ்த்தி. அவள் கண் கலங்கிவிட்டாள். "இவ்ளோ அழகா சொல்லிக் குடுத்துகினு இருந்தவரு ஏன் அங்கிள் நிறுத்திட்டாரு? உங்களுக்குத் தெரியுமா?"

பூனை எங்கள் இருவருக்கும் நடுவில் கை தூக்கி நின்றுகொண்டிருந்தது.

"தெரியாதும்மா," என்றேன்.