கப்பல் கிளம்பியதா என்று கேட்டேன்

மார்ச் 9, திங்கள்

காலையிலேயே வெயில் சுட்டது. மெஸ்ஸில் ஒரே சிலிண்டர், அதுவும் பாதிக்குக் கீழே. ஆட்டிப் பார்த்து இவர் சொன்னார். கடைகளுக்கு சிலிண்டர் இல்லை என்று ஏஜென்சியில் எழுதி ஒட்டிவிட்டார்கள். சண்டை வளைகுடாவில். அணைவது லிங்கராஜபுரத்தில் என் அடுப்பு.

இன்று: எலுமிச்சை சாதம், தயிர் சாதம், ஊறுகாய். ரசம் இல்லை. பொரியல் இல்லை. அப்பளம் பொரிக்கவே யோசனை. இண்டக்‌ஷன் அடுப்பில் பெரிய குண்டானை வைத்தால் ஃப்யூஸ் போகிறது.

மதியம் பேங்க்காரர் ஒருவர் தட்டைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, தினமும் டூர் போற மாதிரி இருக்கு." சிரித்து வைத்தேன்.

அருள் போன். தம்பிக்கு அந்த வளைகுடாத் துறைமுகத்தில்தான் வேலை, கப்பலில் கேஸ் ஏற்றும் இடத்தில். எடுத்ததும் நான் கேட்டது, "கப்பல் கிளம்புச்சாடா?"

"ஒண்ணு லோட் ஆயி நிக்குதுக்கா. வெளிய விட மாட்டேங்கறாங்க."

வைத்த பிறகுதான் உறைத்தது. நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

ஏஜென்சியில் வரிசை, தெருமுனை வரைக்கும். கவுண்டரில் கிரீஷ். கன்னடக்காரர், நம்மிடம் தமிழ்தான் பேசுவார். எல்லோருக்கும் "இல்லா, இல்லா" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது வாய் தானாகச் சொன்னது. "என் தம்பி அங்கதான் வேலை செய்யறான். கப்பல் ஒண்ணு லோட் ஆயி நிக்குதாம்."

வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

கிரீஷ் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். "நிஜமா அக்கா? எங்க மேனேஜருக்கே ஒண்ணும் கொத்தில்லா, தெரியாது. தம்பிகிட்ட தினம் கேட்டு எனக்கு சொல்றீங்களா?"

சாயங்காலம் பின் கேட் வழியாக ஒரு சிலிண்டர். "யாருக்கும் சொல்லாதீங்க."

இவர் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்து மாட்டினார். எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

சாம்பார் திரும்பி வந்தது. கூட்டம். உப்பு கொஞ்சம் தூக்கல்.

மூலையில் இட்லிக்கடை சாந்தாக்கா கடையைச் சாத்திவிட்டார். மதியம் நம்மிடமே சாப்பிட வந்தார். "உனக்கு மட்டும் எப்டிடி கெடைக்குது?"

"தெரிஞ்சவங்க இருக்காங்கக்கா."

அதற்கு மேல் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

பிரின்சி போன், நீலசந்திராவில் அவள் அம்மா வீட்டிலிருந்து. அருளின் மனைவி, மாசமாக இருக்கிறாள். மூச்சு வாங்கப் பேசினாள். "அண்ணி, கம்பெனியில ஊருக்குப் போறவங்களுக்கு ப்ளேன் போட்டிருக்காங்களாம். இவரு யோசிச்சிட்டே இருக்காரு. நீங்க சொன்னா கேப்பாரு. வரச் சொல்லுங்க அண்ணி."

"சொல்றேம்மா."

வாங்க வேண்டியவை: புளி, கடுகு, பாத்திரம் தேய்க்கும் கம்பி.

மார்ச் 13, வெள்ளி

தவக்கால வெள்ளி. மீன் இல்லை. கத்தரிக்காய்க் காரக்குழம்பு.

வதக்கிக்கொண்டிருக்கும்போது அருள் கூப்பிட்டான். "அக்கா, வந்துடட்டுமா? நாளைக்கு ப்ளேன். இன்னைக்குள்ள பேர் குடுக்கணும்."

கரண்டியை வைத்துவிட்டுப் பேசியிருக்கலாம். வைக்கவில்லை.

"அந்தக் கப்பல் என்னடா ஆச்சு?"

"கிளம்பிடும்னு சொல்றாங்க."

"அப்ப என்ன? கப்பலே கிளம்புதுன்னா எல்லாம் சரியாகுதுன்னுதானே. ரெண்டு நாள் பாத்துட்டு முடிவு பண்ணு. வந்துட்டா மறுபடி இந்த வேலை கெடைக்குமா?"

"சரிக்கா."

அம்மா போனதிலிருந்து என் பேச்சுக்கு அவன் மறுபேச்சு பேசியதில்லை. அது தெரிந்துதான் சொன்னேன். அவன் வேலையைப் பற்றிய அக்கறை மாதிரி இருந்தது கேட்க. எனக்கே முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவன் வந்துவிட்டால் கிரீஷ் என்னை எதற்கு உள்ளே கூப்பிடப் போகிறார்?

பிரின்சிக்கு மெசேஜ்: பேசினேன், யோசித்துச் சொல்கிறானாம்.

கோயிலில் சிலுவைப்பாதை. எல்லோரோடும் முட்டி போட்டேன். வேண்டிக்கொள்ள ஒன்றும் வரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பூசை முடிந்து வந்து துணி ஊறவைத்தேன். மெஸ் லீவு. இவர் போனைப் பார்த்தபடியே எழுந்து நின்றார். துறைமுகத்தின் மேல் ட்ரோன் விழுந்ததாம். தீ. கேஸ் ஏற்றுவது மொத்தமாக நின்றுவிட்டதாம்.

"ஐயோ, அப்ப நம்ம கேஸு?" என்றேன்.

வாய்விட்டே சொல்லிவிட்டேன். இவர் என்னைப் பார்த்தார்.

"அருள் அங்க இருக்கான்டி."

மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் பரவாயில்லை.

அவன் நம்பர் போகவே இல்லை. திரும்பத் திரும்ப. பிரின்சி கூப்பிட்டாள், எனக்கு எடுக்க தைரியம் இல்லை, இவர் எடுத்தார். பிறகு கிரீஷ். "அக்கா, தம்பி ஏதாவது சொன்னாரா? கப்பல் என்னாச்சு?" கட் செய்தேன். அவர் மேல் கோபம் வந்தது. என்ன யோக்கியதையில் வந்ததோ. அவர் கேட்டது நான் கேட்டதைத்தான்.

மார்ச் 16, திங்கள்

தகவல் இல்லை. மெஸ் திறக்கவில்லை. அடுப்பைக் கழற்றித் தேய்த்தேன். சிலிண்டரில் இன்னும் கேஸ் இருக்கிறது. டீ போடக்கூடப் பற்றவைக்கப் பிடிக்கவில்லை. இவர் கடையில் டீ வாங்கி வந்தார், ஆறிப்போயிருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

உயிரோடு இருக்கிறான். இருக்கிறான்.

வலது கை தீக்காயம், தோள் வரைக்கும். ஆஸ்பத்திரியில் கூட இருப்பவர் போனிலிருந்து முதலில் பிரின்சியிடம் பேசியிருக்கிறான், பிறகு எனக்கு. ஏர்போர்ட்டை மூடிவிட்டார்கள். சனிக்கிழமை போன ப்ளேன்தான் கடைசி.

குரல் கம்மிப்போயிருந்தது. "கப்பல் முந்தின நாளே கிளம்பிடுச்சுக்கா. அது தப்பிச்சிடுச்சு."

"நான் அதக் கேக்கலடா."

"தெரியும். சும்மா சொன்னேன்."

குத்திக் காட்டவில்லை. அவனுக்கு அது வராது. எனக்குத் தெரியவேண்டும் என்று நினைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

வலிக்குதா என்றேன். மருந்து போட்டிருக்காங்க என்றான். மன்னிச்சுக்கோ என்று சொல்ல நினைத்து, மாமாகிட்ட பேசுறியா என்று போனை இவரிடம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

விடியும்போது தூறல். மண் வாசனைகூட வரவில்லை, அதற்குள் நின்றுவிட்டது.

பிரின்சி வந்தாள். கால் வீங்கியிருந்தது. ஆட்டோவில் வந்தது தப்பு என்று திட்டினேன். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். எனக்காம். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று இவர் சொல்லியிருக்கிறார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கிரீஷ் போன். "அக்கா, ஸ்டாக் வந்திருக்கு. தம்பி சொன்ன கப்பல்தான் போல. உங்களுக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்." இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பருப்பைக் களைய எடுத்தேன். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

பிரின்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நேத்து ஆஸ்பத்திரியிலேர்ந்து இவரு எல்லாம் சொன்னாரு அண்ணி. அக்கா போன்ல அழுதுச்சு, உடனே வந்துடுன்னு சொல்லுச்சு, நான்தான் கேக்கலன்னு."

பருப்பு களைந்துகொண்டிருந்தேன். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தேன்.

"நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. அவரு பிடிவாதம் உங்களுக்குத் தெரியாதா?"

பிடிவாதமா. அவனுக்கா.

சொல்லிவிடலாம் என்றுதான் திரும்பினேன். பிரின்சி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளையை என் பக்கம் நீட்டினாள். என் கை ஈரமாக இருந்ததால் அவளே என் வாயில் வைத்தாள்.

இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன்.