சபூறாவின் கூரை

1979 ஜனவரி 8, திங்கள்
பாடசாலை திறந்தது. சூறாவளி கூரையைக் கொண்டுபோய்விட்டதால் வெயிலில்தான் வகுப்பு எடுத்தேன். பின்னேரம் பெரிய சந்தோஷம். நிவாரணக்காரரோடு சண்டைபிடித்து நான் வாங்கிய தகரம் பதினாறும் சபூறாவின் புது வீட்டில் ஏறிவிட்டது. பக்கத்து வளவுப் பிள்ளை அவள். சூறாவளியில் சுவர் விழுந்து அவள் மாப்பிள்ளை மௌத்தாகி ஆறு கிழமை. எங்கள் ஓலைக் குடிலில்தான் ஒண்டியிருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வெளியாருக்கு மறைந்து இத்தா இருக்கிறவளுக்கே முதல் வீடு என்று ஒழுங்கை முழுக்க ஒரே சொல். என் வீட்டுக்காரர் முனாப் மேசன் வேலைக்குக் கூலி வாங்கவில்லை. நாளைக்கு அவள் குடிபோவாள்.

ஜனவரி 10
போனவள் வீட்டுக்குள் போகவில்லை! வளவில் பாயைப் போட்டு, முறிந்த முருங்கையடியில் இரவும் பகலும் இருக்கிறாள். “வீடு நல்லம் ராத்தா. சும்மா காத்து வாங்குறன்” என்கிறாள். குடிலுக்கே திரும்பி வா என்றால் அதற்கும் மாட்டாளாம். இத்தாக்காரி வெளியில் இருப்பதா என்று ஒரு கதை, ஜின் பிடித்திருக்கு என்று இன்னொரு கதை. ஓதின தண்ணீரும் வந்தது. நானும் கத்திவிட்டேன். இந்த வாயை என்ன செய்வது?

ஜனவரி 12, வெள்ளி
இது சரியா என்று பள்ளிவாசல் பக்கீர் முகைதீன் லெப்பையிடம் முனாப் கேட்டு வந்தார். “வளவும் அவட வீடுதானே. வேலியையும் கட்டுங்க, வாயையும் கட்டுங்க” என்றாராம். அஸர் தொழுகைக்கு முன்னமே பெண்கள் பழைய சேலை, சாக்கு, கிடுகு எல்லாம் கொண்டுவந்து வேலியை ஆள் உயரத்துக்கு மறைத்தோம். பிறகு போக மனமில்லாமல் அங்கேயே இருந்தோம்.

ஜனவரி 15
இன்றும் ஏழு பேர், பாய் பின்னும் பன் புல்லோடு. பாயைவிடக் கதைதான் நீண்டது. சபூறா ஒருதரம் சிரித்தாள்.

ஜனவரி 18
பின்னேரம் கொட்டித் தள்ளியது மழை. எல்லோரும் புது வீட்டுக்குள் ஓடினோம். அவள் மட்டும் முருங்கைக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நனைகிறாள்! இறங்கி ஓடி அணைத்தேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:
“அந்தச் சத்தம் ராத்தா... அண்டைக்கும் இதே சத்தம்தான். மில்லுக் கூரைத் தகரம் பறந்து வந்து அடிக்க அடிக்க, அவர் கூப்பிட்டது எனக்குக் கேக்கல்ல.”
அல்லாஹ்வே. இதையா நான் சண்டைபிடித்து அவள் தலைக்கு மேல் ஏற்றினேன்? தகரமா ஓலையா என்று ஒருவராவது அவளிடம் கேட்டோமா? இத்தனை பேர் செய்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று வாய்மூடி இருந்திருக்கிறாள். குடிலுக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

ஜனவரி 19
முனாப்பிடம் சொல்லப் பயம். அவர் கைப்பட அடித்த கூரை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, “சரி, கழட்டுவம்.” இந்த மனிசனைக் கட்டியதற்கு இன்று ஒரு தரம் அல்ஹம்துலில்லாஹ்.
ஆனால் ஓலைக்கு எங்கே போவது? இங்கே ஒரு தென்னையாவது நிற்கிறதா?

ஜனவரி 24
தம்பிலுவில் வேலப்போடியர் கோமாரியிலிருந்து ஒரு வண்டில் ஓலை கொண்டுவந்தார். சபூறாவின் மாப்பிள்ளையோடு சேர்ந்து வயல் செய்தவர். வேலிக்கு வெளியே நின்றே சொன்னார்: “தங்கச்சி, கோமாரியில சூறாவளிக்குத் தப்பி நிண்ட மரமெல்லாம் இப்ப மொட்டை. இன்னும் வேணுமெண்டாலும் சொல்லுங்க.” உள்ளே சபூறா அழுதாள். நல்ல அழுகை. யாரும் நிற்பாட்டவில்லை.

ஜனவரி 26
ஊறிய ஓலையைப் பத்துப் பேர் பின்னுகிறோம். நான் பின்னியதை சபூறா பிரித்துப் போட்டாள். “டீச்சர் ராத்தா, இதுக்குள்ளால மழ இல்ல, மாடே வரும்.” எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.

ஜனவரி 29
கூரை மேய்ந்தாயிற்று. தகரம் என் வகுப்புக்கு. பிஸ்மி சொல்லி உள்ளே போனாள். மழை இல்லாத நாள், அதனால் நம்புவதற்கில்லை.

பெப்ரவரி 3, சனி
சுபஹ் தொழுகையிலிருந்து மழை. மனம் கேட்காமல் பத்து மணிக்கு ரொட்டி சுட்டுக்கொண்டு போனேன். முருங்கையடியில் ஆள் இல்லை. கதவு உள்ளால் பூட்டியிருந்தது. தட்டினேன். சத்தமில்லை. ஒழுங்கைக்கே கேட்கும்படி கத்தித் தட்டினேன்.
கதவு திறந்தது. தலை கலைந்து, கன்னத்தில் பாயின் அச்சு.
“என்ன ராத்தா இது? இந்த மழைக்கு நல்ல நித்திரை வந்திச்சி, அதயும் கெடுத்துப் போட்டீங்களே!”
சொல்லிவிட்டு என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திக்கொண்டாள். ரொட்டியைக்கூட வாங்கவில்லை. நடு வளவில் நனைந்துகொண்டே நானே அதைத் தின்று முடித்தேன்.