கிடார் பிரிட்ஜுக்கு அடியில் நுழைந்த காகிதம்

மே 4, திங்கள்

காலை ஏழுக்கே அனல். கூலருக்கு மூன்று வாளி தண்ணீர். வாங்க வேண்டியது: பால், கொத்தமல்லி, பல்பு.

மகள் ஷாலினியின் கிடாரைத் துடைக்கப் போய்த்தான் பார்த்தேன். கம்பிகள் வந்து முடியும் கறுப்புக் கட்டை, பிரிட்ஜ் என்கிறார்கள், பின்பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. ஒரு காகிதத்தைச் செருகினேன். உள்ளே போய்விட்டது. வாங்கி இரண்டு மாதம்தான்.

காரணம் நான்தான். வெயிலில் மரம் வெடித்துவிடுமே என்று கூலருக்கு நேர் எதிரே ஸ்டாண்டை வைத்தவன் நான். எனக்குச் சுகமென்றால் மரத்துக்கும் சுகம் என்ற நினைப்பு. செகந்திராபாத் பக்கம் நாச்சாரத்தில் ஒட்டும் டேப் கம்பெனி லேபில் பதினெட்டு வருஷம், ஒட்டியது உரிகிறதா என்று பார்ப்பதே வேலை. ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று ஊருக்கே வகுப்பெடுக்கிறவன்!

மனைவி கீதாவிடம் மட்டும் சொன்னேன். "அவகிட்ட இப்ப சொல்லாதீங்க. இப்பத்தான் வாயத் திறந்து பேசறா."

அதுதான் பயம். அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து ஐந்து இண்டர்வியூ. ஐந்திலும் இல்லை. ஜனவரியிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். கிடார் வந்துதான் கதவு திறந்தது. இது போனால் மறுபடி சாத்திக்கொள்வாள்.

மே 5, செவ்வாய்

42 டிகிரி. டேப்பை உரித்துப் பார்க்கும் பீல் டெஸ்ட் 14, ஃபெயில் 2. ரிப்போர்ட்டில் வழக்கம்போல் இரண்டு கையெழுத்து வேண்டும், சோதித்தவர், சரிபார்த்தவர். இரண்டாவது ஆள் லீவு. அப்படியே கிடக்கிறது.

மதியம் போனில் படித்தது: ஆறு கம்பியும் சேர்ந்து ஓர் ஆளின் எடைக்கு இழுக்குமாம். யாரும் வாசிக்காத போதும். அதைத் தாங்குவது மூன்று மில்லிமீட்டர் பலகையும் ஒரு பூச்சுப் பசையும். சோறு ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. எங்கள் ஹால் மூலையில் இத்தனை நாளும் இவ்வளவு பெரிய இழுப்பு சத்தம் காட்டாமல் நின்றிருக்கிறது!

கடைக்கு போன். கம்பெனிக்கு அனுப்பி வர ஆறு வாரம். ஆறு வாரமா?

ஷா. குளிக்கப் போன நேரம் சூப்பர் க்ளூவை ஊசியில் ஏற்றினேன். ஊற்றவில்லை. பசையைக் குறை சொல்லாதே, முதலில் பரப்பைப் பார் என்று ட்ரெய்னிகளிடம் சொல்கிறவன், பரப்பைப் பார்க்காமலே ஊற்றப் போனேன்.

சாயங்காலம் அவள் வாசிக்கவில்லை. "மூட் லேது, இப்ப வேணாம் டாடி." தெரிந்துவிட்டதா?

மே 6, புதன்

லீவு. ஷா. தோழி வீட்டுக்கு. கிடாரைத் தூக்கிக்கொண்டு திருடன் மாதிரி வெளியே வந்தேன். மெட்டுகுடாவில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஸ்டெல்லா. வீட்டு முன்னறையில் வயலின், கிடார் ரிப்பேர். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத் தமிழ், பேச்சில் உருதும் கலந்து வரும்.

"கம்பிய ஏன் சார் இன்னும் இறக்கல? மொதல் வேல அதுதானே!" சூப்பர் க்ளூ கதையையும் சொன்னேன். "ஹவ், தப்பிச்சீங்க. அத மட்டும் ஊத்தியிருந்தீங்க, நான் தொட்டே இருக்க மாட்டேன்."

பல் டாக்டர் கண்ணாடி மாதிரி ஒன்றையும் சின்ன விளக்கையும் கிடாருக்குள் விட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே குச்சி குச்சியாக மரச்சட்டங்கள், தேன் நிறத்தில். இவ்வளவு அழகை யாரும் பார்க்காத இடத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். நிமிரவே மனசில்லை.

பிரிட்ஜைச் சூடாக்கி மெல்லிய கத்தியால் எடுத்தார். அடியில் மரம் இல்லை, பளபளவென்று பாலிஷ். "பாலிஷ் மேலயே ஒட்டிட்டாங்க சார். மரமும் மரமும் சேரவே இல்ல."

"அப்ப கூலர்?"

"அது சீக்கிரம் காட்டிக் குடுத்துடுச்சு, அவ்ளோதான். ஆனா இனிமே கூலர் முன்னாடி நக்கோ, வைக்கவே வேணாம்."

மாற்றுக் கம்பி இருக்கிறதா என்று கேட்டார். பையின் பாக்கெட்டில் துழாவினேன். கம்பி இல்லை, மடித்த சீட்டு ஒன்று. ஷாலினி கையெழுத்து. ஏப். 21, 1 தாள். ஏப். 27, 2 தாள். மே 2, 3 தாள். கீழே: டாடிக்குத் தெரியக் கூடாது.

எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பிரிட்ஜுக்கு அடியில் தாள் விட்டு அளந்திருக்கிறாள், லேபில் நான் செய்வது போலவே. யாரும் சொல்லித் தரவில்லை. என் பிள்ளையைப் பார்த்து எனக்கே பிரமிப்பு. கண் கலங்கிவிட்டது. ஸ்டெல்லா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாலிஷைச் சுரண்டி, பசை வைத்து, இறுக்கிப் பூட்டிவிட்டார். சனிக்கிழமை வரை தொடக் கூடாது.

வீட்டில் வெறும் ஸ்டாண்டுக்கு முன்னால் ஷா. நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். "கூலர் முன்னாடி வச்சது நான்தாம்மா."

"நாக்கு தெலுசு, அது தூக்கினது எனக்குத் தெரியும் டாடி. நீங்க வாங்கின கிடார் பேட்னு தெரிஞ்சா ஃபீல் பண்ணுவீங்கன்னுதான் சொல்லல."

கதவைச் சாத்தவில்லை அவள். கூலரை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தேன்.

மே 9, சனி

வானம் மூடியிருக்கிறது, மழை இல்லை. ஷாலினியும் நானும் ஸ்டெல்லா வீட்டில்.

ஒவ்வொரு கம்பியாக ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் நான் மூச்சைப் பிடித்தேன். ஓர் ஆள் பாரம் மறுபடி அந்தப் பலகையில். அசையவில்லை. ஷா. வாசித்தாள். கிடாரின் முதுகில் கை வைத்துப் பார்த்தேன். அதிர்வு முழங்கை வரை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் காகிதம் செருகிப் பார்த்தாள். நான்கு பக்கமும் நுழையவில்லை. சீட்டில் எழுதினாள்: மே 9, 0 தாள். சோதித்தவர், ஷாலினி. கீழே ஒரு கோடு போட்டுப் பென்சிலை என்னிடம் நீட்டினாள். "சரிபார்த்தவர், டாடி."

கையெழுத்துப் போட்டேன். கோணிவிட்டது.